நூலுக்கு மேலே வந்த இலை

ஸ்டுட்கார்ட் நகரின் கான்ஸ்டாட் பகுதியில், திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக ஏறிச்செல்லும் மலைச்சரிவைப் பார்த்தபடி அந்த மூன்றாம் மாடிப் பல்கனி இருந்தது. ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலையில் தவராசா அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மடியில் ஒரு கத்தரிக்கோல் கிடந்தது. அவருக்கு முன்னால் மூன்று கஞ்சாச் செடிகள் மூன்று சாடிகளில் நின்றன. நின்றன என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்காகத்தான். உச்சியிலைகள் வெள்ளைக் கடதாசிபோல் வெளிறியிருந்தன. நடுவிலுள்ள இலைகளின் நுனிகள் பழுப்பேறிக் கொக்கியாய் வளைந்திருந்தன. அடியிலைகள் மஞ்சளாகித் தொங்கின. இன்னும் பச்சையாய் இருந்த சில இலைகளிலும், அம்மை வந்து போன முகம்போலப் புள்ளிகள் விழுந்திருந்தன.

பல்கனியின் மறுமூலையில் கறிவேப்பிலைச் செடி ஒரு குறையுமின்றிக் காலை வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. அதை ஏறிட்டுப் பார்க்கத் தவராசாவுக்கு மனம் வரவில்லை.

அவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நகரப் பேருந்து ஓட்டியவர். முதுகில் சத்திரசிகிச்சை செய்த பிறகு முள்ளந்தண்டு நேராகிவிட்டது என்று வைத்தியர்கள் கைகுலுக்கினார்கள். ஆனால் இடது காலுக்குள் ஒரு வலி குடியேறி, இரவானதும் விளக்கேற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதற்குக் கொடுத்த மாத்திரைகள் உறக்கத்தைத் தந்தன; பதிலுக்குப் பகலைப் பிடுங்கிக்கொண்டன. உறவுக்காரர் ஒருவரின் கல்யாணப் பந்தியில் சோற்றுக்கோப்பையைக் கையில் வைத்தபடியே அவர் தூங்கிப்போனார். தொலைபேசியில் தம் சொந்தத் தங்கையின் பெயர் நினைவுக்கு வராமல், "பிள்ளை, பிள்ளை" என்று அழைத்துச் சமாளித்தார். அந்த அழைப்பு முடிந்த பிறகு வெகுநேரம் கைபேசியைப் பார்த்தபடியே இருந்தார்.

வளர்ந்தவர்கள் தம் வீட்டில் மூன்று கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கலாம் என்று ஜெர்மனியில் சட்டம் வந்த ஆண்டில், வைத்தியருக்குச் சொல்லிவிட்டே அவர் ஒரு செடியைச் சன்னலோரத்தில் வளர்த்தார். அந்த ஒற்றைச் செடி இலையுதிர் காலத்திலிருந்து தைப்பொங்கல் வரை அவருக்கு உறக்கமும் கொடுத்தது, விடிந்த பிறகு தெளிந்த தலையும் கொடுத்தது. பொங்கலோடு அது தீர்ந்துபோக, மறுபடி மாத்திரை, மறுபடி மந்தம். ஆகவே இந்த ஆண்டு மூன்று செடிகளையும் வைத்து, பல்கனியின் முழு வெயிலில் வளர்த்து, ஒரு குளிர்காலம் முழுவதையும் நித்திரையோடு கடப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். இச்செடிகள் போய்விட்டால் அடுத்த ஓராண்டு மாத்திரையோடுதான் என்பதும், அதைப்பற்றி முணுமுணுக்கக் கூடாது என்பதும் மனைவியோடு அவர் செய்துகொண்ட உடன்பாடு.

மனைவி சிவகௌரி ஒரு பெரிய மருத்துவமனையில் காயம் பார்க்கும் தாதி. ஆறாத புண், படுக்கைப் புண், சத்திரசிகிச்சைக்குப் பின் பிரிந்த தையல் என்று பிறர் முகம் திருப்பும் இடங்களை முகம் சுளிக்காமல் பார்ப்பதே அவளுடைய தொழில். செடிகளுக்கு அவள் சம்மதித்தாள். ஆனால் நிபந்தனைகள் போட்டாள். தெருவிலிருந்து தெரியாதபடி மூங்கில் தட்டி கட்டவேண்டும். சின்னப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நாளில் பல்கனிக் கதவு பூட்டியிருக்கவேண்டும். மூன்றாவது நிபந்தனை அவள் தனக்கே போட்டுக்கொண்டது.

"நான் அந்தச் செடியில கை வைக்கமாட்டன். கோயில்ல ஆரும் கேட்டால் எனக்குத் தெரியாதெண்டு பொய் சொல்ல ஏலாது. ஆனா நான் தொடேல்லை எண்டு நெஞ்சைத் தொட்டுச் சொல்லலாம்."

தவராசா அதை ஒப்புக்கொண்டார். அவள் கைபடாமலே வளர்ந்துவிடும் என்றுதான் அவர் நம்பினார். மார்ச் மாதத்தில் முளைத்த அச்செடிகள் அறைக்குள் சன்னலோரத்தில் அவ்வளவு செழித்திருந்தன. ஏழு விரல்களை விரித்த கைபோன்ற இலைகள். தொட்டால் ஈரம் தெரியும் பச்சை. அவற்றிலே நடுச்சாடிச் செடிமீது அவருக்குத் தனி ஓரவஞ்சனை. வகுப்பில் முதலாம் பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியரைப்போல அதைப் பார்ப்பார்.

மே மாத நடுவில் 'ஐஸ்ஹைலிகன்' என்று ஜெர்மானியர் அஞ்சும் கடைசிக் குளிர்நாள்கள் வரும். அவை போனபின்தான் தக்காளியும் பிறவும் வெளியே போகும். அந்நாள்கள் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரு மேகமும் இல்லாத வானத்தின் கீழ், தவராசா மூன்று சாடிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டுபோய், வெயில் நேராக அடிக்கும் வெள்ளைச் சுவரின் அருகே வரிசையாக வைத்தார். படம் ஒன்றும் எடுத்தார். 'மலையிலும் மேட்டிலும் தானாக முளைக்கிற செடி. இதற்கு வெயிலைப் பழக்கவா வேண்டும்?' என்பது அவருடைய எண்ணம்.

மறுநாள் மாலையே உச்சியிலைகள் வெளிறத் தொடங்கின.

அவர் பயந்துபோய் முதலில் ஓடியது மேல்மாடி ராகவிடம். ராகவ் கோயம்புத்தூர்க்காரர், கார்ப் பாகங்கள் செய்யும் நிறுவனமொன்றில் பொறியாளர், எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். அவருடைய கைபேசியில் இலையைப் படமெடுத்தால் நோயைச் சொல்லும் செயலி ஒன்று இருந்தது.

"அண்ணா, நைட்ரஜன் குறைவாம். எண்பத்தேழு பர்சன்ட் கான்ஃபிடன்ஸ் காட்டுது. இதுக்கு மேல டாக்டரே சொல்லமாட்டார்," என்றார் ராகவ்.

தவராசா நைட்ரஜன் பசளை வாங்கி ஊற்றினார். ஒரு நாள் பொறுத்தும் பச்சை திரும்பாததால் இன்னொரு முறையும் ஊற்றினார். இலை நுனிகள் பழுப்பேறின. புதிதாக எடுத்த படத்தைப் பார்த்த செயலி, இம்முறை மக்னீசியக் குறைவு என்றது. ராகவ் தம் வீட்டிலிருந்தே எப்சம் உப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். கீழ்மாடியில் தக்காளி வளர்க்கும் ஜெர்மானியக் கிழவர் படிக்கட்டில் நின்று பூச்சியாக இருக்கும் என்றார். தவராசா உச்சி வெயிலில் வேப்பெண்ணெய் தெளித்தார். புள்ளிகள் விழுந்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக, யாரிடமும் கேட்காமல் தம் சொந்தப் புத்தியிலிருந்தும் ஒரு வைத்தியத்தை எடுத்தார். கறிவேப்பிலை சோர்ந்தால் புளித்த மோர் ஊற்றுவதைச் சிறுவயதிலிருந்தே அவர் கண்டிருக்கிறார்; இந்த வீட்டுக் கறிவேப்பிலையும் ஒவ்வொரு கோடையிலும் மோர் குடித்துத்தான் இப்படி மினுங்குகிறது. ஆகவே மனைவி வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து, தயிரை எடுத்துப் புளிக்கவைத்துக் கரைத்து, மூன்று சாடிகளுக்கும் ஊற்றினார். நடுச்சாடிக்கு அன்பின் மிகுதியால் ஒரு குவளை அதிகம்.

ஒரு காட்டில் மான் ஒன்று நோயில் படுத்ததாம். பார்க்க வந்த கரடி, தன்னை முன்பு தேற்றிய தேனைக் கொண்டுவந்தது. குரங்கு வாழைப்பழத்தைக் கொண்டுவந்தது. மீன்கொத்தி, துடிக்கத் துடிக்க மீனைக் கொண்டுவந்தது. மானோ நாகரிகமான பிராணி. யாருடைய மனத்தையும் நோகடிக்க விரும்பாமல் எல்லாவற்றையும் உண்டது. கடைசியாக வந்த ஆமை கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. "படுப்பதற்கு முந்தின நாள் எங்கே மேய்ந்தாய்?" என்று மட்டும் கேட்டது. பதில் சொல்ல மானின் வாயில் இடம் இருக்கவில்லை, அவ்வளவு மருந்து.

தவராசாவின் செடிகளும் அந்த மானின் நிலைக்கு வந்துவிட்டன. சனிக்கிழமை காலையில் கத்தரிக்கோலோடு அவர் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், மூன்றையும் அடியோடு வெட்டிவிட்டு, திங்கட்கிழமை மாத்திரைக்காக வைத்தியரைப் பார்க்க ஒரு டெர்மின், அதாவது நேரம், எடுப்பது என்று தீர்மானித்ததுதான். தீர்மானித்தாரே தவிர, கை எழவில்லை.

அன்று சிவகௌரிக்கு விடுமுறை. தேத்தண்ணீரோடு பல்கனிக்கு வந்தவள் கத்தரிக்கோலைக் கண்டாள். கணவருடைய முகத்தையும் கண்டாள். கோப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்தாள்.

"என்னப்பா, இந்த வயசில தலைமயிர் வெட்டப் பழகிறியளோ?"

"முடிஞ்சுது கௌரி. இனி வைச்சிருந்து பிரயோசனம் இல்லை."

"முடிஞ்சுது எண்டு ஆர் சொன்னது?"

அவர் செடிகளைக் கையால் காட்டினார். அவள் உடனே இலைகளைப் பார்க்கவில்லை. அதைத் தவராசா கவனித்தார். முதலில் மூக்கைச் சற்று உயர்த்தினாள். பிறகு நடுச்சாடியின் பக்கமாகக் குனிந்தாள். மண்ணிலிருந்து பொடிக் கறுப்பு ஈக்கள் சில எழும்பிப் பறந்தன.

"இஞ்சருங்கோ, இதுக்கு மோர் ஊத்தினீங்களோ?"

பேருந்தில் பயணச்சீட்டு இல்லாமல் அகப்பட்டவர்களை எத்தனையோ முறை பார்த்தவர் தவராசா. அவர்களுடைய முகம் அந்தக் கணத்தில் எப்படி இருக்கும் என்பதை இப்போது உள்ளிருந்து அறிந்தார்.

"கொஞ்சம்தான்," என்றார்.

"நான் பிரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்து, எனக்குத்தான் மறதி வந்திட்டுதெண்டு நினைச்சன். இந்தக் கிழமை முழுக்கத் தயிர் வாங்கி வாங்கி வைச்சனான்," என்றாள் அவள். கோபத்தை அவ்வளவோடு நிறுத்திக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அவளுடைய கைகளில், வேலைப் பையிலிருந்து எடுத்த நீலநிறக் கையுறைகள் இருந்தன. தவராசா அவற்றை விளங்காமல் பார்த்தார்.

"நான் கை வைக்கமாட்டன் எண்டு சொன்னனான்தானே. இது கை இல்லை, கையுறை," என்று சொல்லி அவள் செடிகளுக்கு முன்னால் குந்தினாள்.

முப்பது ஆண்டு மணவாழ்வில் அவள் வேலை செய்யும் விதத்தைத் தவராசா ஒருமுறையும் நேரில் கண்டதில்லை. வேலை முடிந்து களைத்து வரும் சிவகௌரியைத்தான் அவருக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை காலையில், தம் வீட்டுப் பல்கனியில், வேறொரு சிவகௌரியைக் கண்டார். அவள் அவசரப்படவில்லை. ஒரு பெயரையும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டாள். எந்த நாளில் தொடங்கியது? முதலில் நோய் கண்டது மேலிலையிலா, அடியிலையிலா? எல்லாப் பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா? அதற்கு முதல்நாள் என்ன நடந்தது? அதன்பின் எதை எதை, எந்த ஒழுங்கில் போட்டீர்கள்? தவராசா நினைவைக் கிண்டிக் கிண்டிப் பதில் சொன்னார். ஒழுங்கு பிசகியபோதெல்லாம் அவள் பொறுமையாகப் பின்னே அழைத்துச்சென்று மறுபடி கேட்டாள்.

அந்நேரம் அழைப்புமணி அடித்தது. ராகவ் கல்சியப் போத்தல் ஒன்றோடு வந்திருந்தார்; செயலி காலையில் புதிய முடிவுக்கு வந்திருந்ததாம். நீலக் கையுறையோடு குந்தியிருந்த சிவகௌரியைக் கண்டதும் போத்தலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவள் அவரையும் அருகே வரச்சொன்னாள்.

"தம்பி, நீங்கள் எடுத்த படமெல்லாம் நாள் வாரியா இருக்குதோ?"

"இருக்குக்கா. எதையும் டிலீட் பண்ணலை. அண்ணா அனுப்பின முதல் நாள் போட்டோகூட இருக்கு."

"அது பெரிய உபகாரம்," என்றாள் அவள், உண்மையாகவே. "முதல் நாளில இருந்து காட்டுங்கோ."

படங்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வெளிறிய உச்சியிலை ஒன்றை இரு விரல்களால் மெல்லத் தூக்கி, அதற்குக் கீழே ஒட்டிப் படுத்திருந்த இலையைக் காட்டினாள். தவராசா குனிந்தார். ராகவும் குனிந்தார். கீழிலையும் வெளிறியிருந்தது; ஆனால் முழுதும் அல்ல. மேலிலை அதன்மேல் படுத்திருந்த இடத்தில் மட்டும் ஒரு பச்சை உருவம் இருந்தது. ஒரு விரலும் இன்னொரு விரலின் பாதியும், அரம்போன்ற விளிம்புப் பற்கள்கூடத் தெரிய, அச்சு எடுத்ததுபோல் பதிந்திருந்தது.

"பசியெண்டால் இலை முழுக்கப் பசிக்கும். பூச்சியெண்டால் நிழலான இடத்தைத்தான் முதல்ல தேடும்," என்றாள் சிவகௌரி. "மறைஞ்ச இடத்தை மட்டும் விட்டிட்டுப் போறது வெயில் ஒண்டுதான். இது வருத்தம் இல்லை. எரிகாயம்."

ராகவ் நிமிர்ந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தார். வெயில் சுவரில் பட்டுத் திரும்பி இரண்டாம் முறையும் செடியில் அடித்திருக்கும் என்று, தம் தொழிலுக்குரிய ஆர்வத்தோடு சொன்னார். அவள் அதை மதித்துத் தலையசைத்தாள். பிறகு ஒவ்வொரு காயத்தையும் அதற்குரியவரோடு சேர்த்துவைத்தாள். நுனி பழுத்து வளைந்தது, தேவையில்லாமல் ஊற்றிய பசளை. புள்ளிகள், நடுமத்தியான வெயிலில் எண்ணெய் சூடேறி விழுந்தவை. அடியிலை மஞ்சளும் ஈக்களும் நாற்றமும், மோர் புளித்து வேர் மூச்சுவிட முடியாமல் போனதன் அடையாளம்.

"ஒரு காயத்தோட வந்த பிள்ளைக்கு நாலு மருந்து போட்டு நாலு காயம் ஆக்கியிருக்கிறியள்," என்றாள்.

தவராசா தலையைக் குனிந்துகொண்டார். ராகவுக்கும் குனியவேண்டும்போல் இருந்தது. தம் செயலி இத்தனை பிழையாகச் சொல்லும் என்று தாம் நினைக்கவில்லை என்றார்.

"உங்கட ஆப்பில பிழை இல்லைத் தம்பி. அதுக்கு ஒரு இலையைத்தான் காட்டினீங்கள். நோயாளியைக் காட்டேல்லை."

பின்பு அவள் கைபேசியை வாங்கி, முதல்நாள் படத்தை இரு விரல்களால் விரித்துக் கணவரிடம் நீட்டினாள். படத்தின் நடுவே மூன்று கஞ்சாச் செடிகளும் வெள்ளைச் சுவரின் முன் கம்பீரமாக நின்றன. அவள் காட்டியது அவற்றை அல்ல, படத்தின் ஓரத்தை. அங்கே, தட்டியின் நிழலில், அவளுடைய பழைய, மெல்லிய வாயில் துணிச் சேலையொன்றால் முக்காடிட்டு, கறிவேப்பிலைச் செடி நின்றது.

தவராசா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு மே மாதமும் அந்தச் செடியை வெளியே தூக்கிவைப்பவர் அவரேதான். முதல் கிழமை சேலையின் கீழ். பிறகு காலை வெயில் மட்டும். பிறகு சேலையை ஒரு பக்கம் விலக்கி. கடைசியிலேதான் முழு வெயில். அவள் சொல்லச் சொல்ல அந்தச் சாடியை அடி அடியாக நகர்த்தியவையும் இதே கைகள்தாம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் முதலில் கறிவேப்பிலையை முக்காடிட்டு நிழலில் வைத்துவிட்டு, அடுத்த நிமிடம் மற்ற மூன்றையும் நெருப்பில் கொண்டுபோய் வைத்திருந்தார். மூன்று நடை தூரத்தில் பதில் நின்றிருக்கிறது. கறிவேப்பிலைக்குரிய மருந்தை அவர் நினைவாக எடுத்துக்கொண்டார். கறிவேப்பிலைக்குக் காட்டிய பொறுமையை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

"எனக்கு இது ஏன் தோன்றேல்லை?" என்று கேட்டார்.

"அது சமையலுக்கு வேணும் எண்டு கவனமா இருந்தனீங்கள். இது உங்களுக்கு வேணும். தனக்கு எண்டால் எவருக்கும் பொறுமை வராது. வார்ட்டில தினமும் பாக்கிறன்," என்றாள் அவள், மிகச் சாதாரணமாக.

அதன்பிறகு வேலை நடந்தது. அவள் சொல்ல, தவராசா செய்தார். பாரமான சாடிகளை ராகவ் தூக்கிக் கொடுத்தார். சாடிகளைச் சாய்த்து, புளித்த மண்ணை உதிர்த்து, வேரைப் பார்த்தார்கள். ஓரச்சாடிகள் இரண்டிலும் வேர்கள் பெரும்பாலும் வெண்மையாக இருந்தன. நடுச்சாடியின் வேர் கபில நிறமாகி, தொட்ட இடத்தில் தோல்போல் கழன்றது. சிவகௌரி அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கணவருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, அதற்கும் புதுமண் போடச்சொன்னாள். ஆனால் இதன்மேல் நம்பிக்கை வைக்கவேண்டாம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். மூன்றையும் தட்டியின் நிழலுக்கு மாற்றி, அதே வாயில் சேலையை மேலே கட்டினார்கள்.

வெளிறிய இலைகளைக் கிள்ளிவிடலாமா என்று தவராசா கேட்டார். வேண்டாம் என்றாள், பாதி பச்சையாக இருக்கும் இலை பாதி வேலையாவது செய்யும். ஆனால் செத்த இடம் மறுபடி பச்சையாகும் என்று அதையே பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது; அது பச்சையாகாது. அப்படியானால் குணமாகிறதா இல்லையா என்று எதைப் பார்த்து அறிவது என்று ராகவ் கேட்டார்.

அதற்கு அவள் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்துவந்தாள். ஒவ்வொரு செடியிலும், கடைசியாக விரிந்த இலைக்கும் இன்னும் விரியாத கொழுந்துக்கும் இடையே, தண்டைச் சுற்றி ஒரு முடிச்சு. காயத்தைச் சுற்றித் தோல் சிவந்திருந்தால், அந்தச் சிவப்பின் எல்லையில் பேனாவால் ஒரு கோடு போடுவது மருத்துவமனை வழக்கம் என்று சொன்னாள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் ஆபத்து. உள்ளே ஒடுங்கியிருந்தால் நல்லது. வேறு எதையும் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்வதில்லை.

"நூலுக்குக் கீழ உள்ளது நடந்து முடிஞ்ச கதை. நூலுக்கு மேல வாற இலையை மட்டும் பாருங்கோ."

முடிச்சு தளர்வாக இருப்பதைக் கண்ட தவராசா, இறுக்கிக் கட்டவேண்டாமா என்று கேட்டார். தண்டு பருக்கும், இடம் விட்டுத்தான் கட்டவேண்டும் என்றாள். சாகப்போகிறது என்று அவர் கத்தரிக்கோல் எடுத்த செடிக்கு, அது பருக்கப்போகும் அளவையும் நினைத்து அவள் இடம் விட்டுக் கட்டியிருந்தாள். அந்த விரலளவு இடைவெளியைத் தவராசா அன்று முழுவதும் மறக்கவில்லை.

அடுத்து வந்ததுதான் அவருக்குக் கடினமான வைத்தியம்: ஒன்றும் செய்யாதிருத்தல். மேல்மண் காய்ந்தால் வெறுந்தண்ணீர், வேறில்லை. ராகவ் கல்சியப் போத்தலைத் தம் வீட்டு ரோஜாவுக்கும் ஊற்றாமல் மூலையில் வைத்துவிட்டார். தவராசா தட்டியின் பக்கம் போவார், வருவார், சேலையின் ஓரத்தைத் தூக்குவார். உள்ளிருந்து சிவகௌரியின் குரல் வரும்: "கட்டை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்தால் எந்தக் காயம் ஆறும்?" அவர் சேலையை விட்டுவிட்டுக் கறிவேப்பிலையைப் பார்க்க வந்தவர்போல் நடிப்பார். இரவுகளில் கால் தன் கச்சேரியை நடத்தியது. வாக்குக் கொடுத்தபடி அவர் முணுமுணுக்கவில்லை.

நடுச்சாடிச் செடி அந்தக் கிழமையே சாய்ந்துவிட்டது. அவர் அதைப் பிடுங்கி, சாடியைக் கழுவி வைத்தார். மிகுந்த அன்பைப் பெற்ற பிள்ளையே முதலில் போனது என்பதை அவர் தாமாகவே விளங்கிக்கொண்டார். சிவகௌரியும் அதை எடுத்துச் சொல்லவில்லை. அவளுடைய பெருந்தன்மைகளில் அதுவும் ஒன்று.

பிறகு ஒரு காலை. மஞ்சள் ட்ராம் வளைவில் திரும்பும் ஒலி கேட்க, அவர் தண்ணீர்க் குவளையோடு சேலையை விலக்கினார். இடப்பக்கச் செடியில், சிவப்பு நூலுக்கு மேலே, ஓர் இலை விரிந்திருந்தது. சிறிய இலை, மூன்றே விரல்கள். நுனி பழுக்கவில்லை, புள்ளி இல்லை, வெளிறல் இல்லை. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். வலப்பக்கச் செடியிலும் நூலுக்கு மேலே அதே பச்சை. கீழே பழைய இலைகள் அத்தனை காயத்தோடும் அப்படியே இருந்தன. நூலுக்கு மேலே மட்டும் வேறொரு செடி தொடங்கியிருந்தது.

சிவகௌரி வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரலிலேயே செய்தி இருந்தது. அவள் ஒரு காலில் சப்பாத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"சரி. சேலையைக் காலமையில மட்டும் விலக்குங்கோ. நான் வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருவில் இறங்கி ட்ராம் நிறுத்தத்தை நோக்கி நடப்பதைத் தவராசா தட்டியின் இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றார். இப்படி ஒருத்தி எத்தனை ஆண்டுகளாகக் காலையில் போய், முன்பின் தெரியாத மனிதர்களின் காயங்களுக்கு முன்னால் குந்தியிருந்து, அவசரப்படாமல் கேட்டு, எல்லையில் கோடு போட்டு, வீங்குவதற்கும் இடம் விட்டுக் கட்டு கட்டிவிட்டு, மாலையில் வந்து அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருக்கிறாள் என்று நினைத்தார். பேருந்தில் தாம் ஏற்றி இறக்கிய சனங்களில் அவள் ஆற்றிய கால்களோடு நடந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்களோ என்று தோன்றியது. அன்றிலிருந்து அவள் வேலையால் வந்ததும், இன்று என்ன காயம் பார்த்தீர் என்று கேட்பது அவருக்கு வழக்கமாயிற்று. அவளும், முதலில் வியப்போடும் பின்னர் விருப்பத்தோடும், யாருடைய பெயரையும் சொல்லாமல், சொல்லத் தொடங்கினாள்.

இரண்டு செடிகளும் அந்தக் கோடையில் தட்டியின் உயரத்துக்கு வளர்ந்தன. ஒக்டோபரில் அவற்றை அறுத்தபோது, தண்டு பருத்துச் சிவப்பு நூலை நிறைத்திருந்தது; நூல் இறுக்கவுமில்லை, தொங்கவுமில்லை. மூன்று செடி தந்திருக்கக்கூடியதை இரண்டு தரவில்லை. ஆயினும் கணக்காக அளந்து பாவித்து, தைப்பொங்கலைத் தாண்டி, மாசிப் பனியையும் தாண்டி, பங்குனியில் வசந்தத்தின் முதல் பூக்கள் வரும்வரை தவராசா உறங்கினார். பொங்கலன்று தங்கை தொலைபேசியில் அழைத்தபோது, அவள் வாய் திறப்பதற்கு முன்பே, "சொல்லு பிரபாலினி," என்றார்.

மறுபடி மே மாதம் வந்தது. ஐஸ்ஹைலிகன் நாள்கள் கழிந்தன. கறிவேப்பிலையை வெளியே வைக்கும்படி சொல்வதற்காகச் சிவகௌரி பல்கனிக்கு வந்தாள். அது ஏற்கெனவே வெளியே, நிழலில் நின்றது. அதன் அருகே மூன்று புதிய கஞ்சாச் செடிகளும் நின்றன. நான்கின்மேலும் ஒரே வாயில் சேலை கூடாரம்போலக் கட்டப்பட்டிருந்தது. தவராசா நான்காவது மூலையின் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். காற்றில் சேலை அசைவதற்கு விரலளவு இடம் விட்டு.

அவள் அந்த முடிச்சைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக்கொண்டே சொன்னாள்:

"இஞ்சருங்கோ, பிரிட்ஜில மோர் இருக்குது."

"ஓம், அதை நான் குடிக்கிறன்," என்றார் தவராசா.